அப்பாவின் பழைய சைக்கிளை வீட்டிலேயே ஓவராயில் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியிலோ கொல்லைச் சுவரில் சாய்த்தோ ஒரு பழைய கறுப்பு சைக்கிள் நிற்கும். டயர் தட்டையாகி, செயின் துருவேறி, சீட்டின் மேல் ஒரு சாக்கு கிடக்கும். எடைக்குப் போட மனம் வராது, எடுத்து ஓட்டவும் முடியாது. இந்த வழிகாட்டி அந்த சைக்கிளுக்காக எழுதியது. அதைப் பிரித்து, துடைத்து, கிரீஸ் வைத்துப் பூட்டும் வேலையைத்தான் ஓவராயில் என்கிறோம்.

28 இன்ச் சக்கரமும், கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பிகளால் இழுக்கும் கம்பி பிரேக்கும், செயினை மூடிய கவரும் உள்ள ரோட்ஸ்டர் வகையைத்தான் சொல்கிறேன். சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், 1951இல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ், 1956இல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ என்று பெயர் எதுவாக இருந்தாலும், இந்த வகையின் அடிப்படை பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்தான். அளவுகள் இன்ச் கணக்கில் இருக்கும். ஒரு கம்பெனி சைக்கிளின் உதிரி பாகம் பெரும்பாலும் இன்னொரு கம்பெனி சைக்கிளுக்கும் பொருந்தும். சின்ன ஊர் சைக்கிள் கடையில்கூட பாகம் கிடைப்பது அதனால்தான்.

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சைக்கிள் இல்லை என்பது என் எண்ணம். கியர் சைக்கிளில் பல பாகங்கள் மூடி முத்திரையிட்டு வரும். கெட்டால் அப்படியே மாற்ற வேண்டியதுதான். ரோட்ஸ்டரில் சக்கரத்தின் நடுவிலும், பெடல் அச்சிலும், ஹேண்டில்பார் கழுத்திலும் குண்டுகள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். திறக்கலாம், துடைக்கலாம், கிரீஸ் வைத்து மூடலாம். திறந்து பார்த்துச் செய்ய வேண்டும் என்று நினைத்தே வடிவமைத்தது போல இருக்கும்.

என் அப்பா பல வருடம் வேலைக்குப் போய்வந்த சைக்கிளில்தான் நான் ஆரம்பித்தேன். சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருமுனைக் கடைக்கார அண்ணன். நான் நட்டை முறுக்கிக்கொண்டே இருக்கும்போது அவர் சொல்வார்: "தம்பி, போதும். கையை எடுத்துட்டு சக்கரத்தைச் சுத்திப் பாரு." இந்த வேலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. எங்கே ஆட்டம் இருக்கிறது, எங்கே இறுக்கம் இருக்கிறது என்பதைக் கை கண்டுபிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் துடைப்பதும் பூட்டுவதும்தான்.

என்னென்ன வேண்டும்

இரண்டு செட் ஸ்பேனர் வாங்குங்கள். ஒரு செட் போதாது, ஏனென்றால் ஒரே அச்சில் ஒரு நட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்ப வேண்டி வரும். சைக்கிள் கடையில் கிடைக்கும் தட்டையான கோன் ஸ்பேனர் ஒன்றும் வேண்டும். கோன் என்பது சக்கர அச்சில் குண்டுகளைத் தாங்கிப் பிடிக்கும் கூம்பு வடிவ நட்டு. சாதாரண ஸ்பேனர் அதன் மெல்லிய விளிம்பில் உட்காராது. டயர் லீவர் மூன்று, சுத்தியல், குறடு, ஸ்குரூ டிரைவர், நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சிறு நட்டு) திருப்பும் சாவி, ஸ்டீல் ஸ்கேல், பம்பு, உப்புத்தாள், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், கிரீஸ் டப்பா. துடைக்க பனியன் வேஸ்ட் ஒரு கிலோ வாங்கிவிட்டால் பல மாதம் வரும். கழுவ மண்ணெண்ணெய் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் டீசல்.

ஒரு பழைய சாப்பாட்டுத் தட்டையும் எடுத்து வையுங்கள். முதல் தடவை நான் மொட்டைமாடியில் உட்கார்ந்து முன்சக்கரத்தைத் திறந்தேன். குண்டுகள் தரையில் சிதறி ஓடி மழைநீர்க் குழாயில் விழுந்துவிட்டன. விளிம்புள்ள தட்டில் ஒரு துணியை விரித்து, அதன் மேல் வைத்துத் திறந்தால் எதுவும் ஓடாது.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள். கவிழ்த்தால் ஹேண்டில்பாரில் உள்ள பிரேக் கம்பிகளின் மேல் முழு எடையும் உட்கார்ந்து அவை வளைந்துவிடும். எங்கள் வீட்டில் ஊஞ்சல் கொக்கியில் கயிறு கட்டி, சீட்டுக்கு அடியில் ஒரு சுற்று, ஹேண்டில்பார் கழுத்தில் ஒரு சுற்று போட்டுத் தொங்கவிடுவேன். இரண்டு சக்கரமும் தரையைவிட்டு ஒரு சாண் மேலே நின்றால் வேலை செய்ய இடுப்பு வலிக்காது.

கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். குறிப்பாகப் பின்சக்கர அச்சில் ஸ்டாண்ட், கேரியர் கம்பி, மட்கார்டு கம்பி, வாஷர் எல்லாம் எந்த வரிசையில் இருக்கின்றன என்று. மூன்று நாள் கழித்துப் பூட்டும்போது அந்த வரிசை நினைவிருக்காது.

முதலில் காற்று

பழைய ட்யூபில் காற்று நிற்கவில்லை என்றால் உடனே பஞ்சர் என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த சைக்கிள்களில் வால்வுக்குள் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும். வால் ட்யூப் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். வருடக்கணக்கில் நின்ற சைக்கிளில் அது நிச்சயம் வெடித்துப்போயிருக்கும். காற்று அடித்துவிட்டு வால்வு வாயில் எச்சிலைத் தொட்டு வையுங்கள். குமிழ் விட்டால் வால் ட்யூபை மாற்றினால் போதும், டயரைக் கழற்றவே வேண்டாம்.

வால்வு நன்றாக இருந்தும் காற்று இறங்கினால் டயரின் ஒரு பக்கத்தை லீவரால் நெம்பி ட்யூபை வெளியே எடுங்கள். எடுக்கும்போது ட்யூபின் எந்தப் பக்கம் இடது, எந்தப் பக்கம் வலது என்று சாக்பீஸால் குறித்துவிடுங்கள். வாளித் தண்ணீரில் ஓட்டை தெரிந்ததும், வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று டயரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் குற்றவாளி இருக்கும் இடம் தெரியும். நம் ஊரில் அது பெரும்பாலும் சீமைக்கருவேல முள்தான். வெளியே ஒடிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் நிற்கும். அதைக் குறடால் பிடுங்காமல் பஞ்சர் ஒட்டினால் மறுநாளே மறுபடி ஒட்ட வேண்டும்.

ஓட்டை இருக்கும் விதமும் கதை சொல்லும். அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை இருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இறக்கியதால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே ட்யூப் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கத்தில் ஓட்டை இருந்தால், ஸ்போக் முனை ரிம் டேப்பைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது. அப்போது முனையை அரத்தால் தேய்த்துவிட்டுப் புது டேப் சுற்றுங்கள்.

ஒட்டும்போது எல்லோரும் செய்யும் தவறு அவசரம். ஓட்டையைச் சுற்றி, வைக்கப்போகும் பேட்சைவிடப் பெரிய வட்டமாக உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைப் போக்குங்கள். பழைய ட்யூபில் வெட்டிய பேட்ச் என்றால் அதையும் தேய்க்க வேண்டும். இரண்டிலும் சொல்யூஷனை மெல்லியதாகத் தடவிக் காயவிடுங்கள். விரலால் தொட்டால் ஈரமாக ஒட்டக் கூடாது. ஐந்து நிமிடம் ஆகலாம். அப்புறம் வைத்து அழுத்தி, ஒரு கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். மேலே கொஞ்சம் பவுடர் தூவினால் டயரோடு ஒட்டிக்கொள்ளாது.

டயரை மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். கடைசியில் வால்வை உள்ளே ஒருமுறை அழுத்திவிட்டு இழுத்தால் ட்யூப் டயர் விளிம்புக்கு அடியில் மாட்டாது.

சக்கரத்தின் நடு: வேலையின் உயிர் இங்கேதான்

முன்சக்கரத்தில் தொடங்குங்கள், அது எளிது. சக்கரத்தைக் கழற்றித் தட்டின் மேல் வைத்து, ஒரு பக்கக் கோனைத் திருப்பி எடுத்து அச்சை உருவுங்கள். கறுப்பு மைபோல இறுகிய கிரீஸ் இருக்கும். குண்டுகளை எண்ணுங்கள். முன்சக்கரத்தில் வழக்கமாக ஒரு பக்கத்துக்கு 3/16 இன்ச் குண்டு 10 இருக்கும். பின்சக்கரத்தில் 1/4 இன்ச் குண்டு 9. ஏற்கெனவே யாராவது பிரித்து ஒன்றிரண்டைத் தொலைத்திருக்கலாம், ஆகவே எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். குண்டுகள் உட்காரும் கிண்ணம் போன்ற கப்பில் வட்டமாக அடுக்கினால் ஏறத்தாழ ஒரு குண்டு அளவு இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு கோனை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் ஒரே பளபளப்பான வளையமாக இருந்தால் நல்லது. நகத்தால் தடவும்போது சொரசொரப்போ சிறு குழியோ தட்டுப்பட்டால் கோனை மாற்றுங்கள். குண்டுகளை எப்படியும் புதிதாகவே போடுங்கள். கடையில் பால்ரஸ் என்று கேளுங்கள், விலை அதிகமில்லை. பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம். அளவில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பாரம் முழுவதும் பெரிய குண்டுகளின் மேலேயே விழும்.

கப் நிறையக் கிரீஸ் வைத்து, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து, அச்சைச் செருகுங்கள். இனிதான் பொறுமை வேண்டும்.

கோனை விரலால் தட்டும்வரை திருப்பி, அப்புறம் கால் சுற்று பின்னால் வாருங்கள். அதன் மேல் பூட்டு நட்டை வைத்து, கோனை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, நட்டை இன்னொன்றால் இறுக்குங்கள். நட்டு இறுகும்போது கோனைக் கொஞ்சம் உள்ளே தள்ளும். அதனால்தான் முதலில் துளி ஆட்டம் விட்டு வைப்பது. இப்போது அச்சை விரல் நுனியால் சுழற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போல நறநறவென்று தெரிந்தால் இறுக்கம் அதிகம். சக்கரத்தை ஃபோர்க்கில் மாட்டி நட்டுகளை இறுக்கியபின், ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். டக் டக் என்று தட்டினால் தளர்வு அதிகம். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. எனக்கு முதல் தடவை அதைப் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. இப்போது பத்து நிமிடம்.

சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க ஒரு சோதனை உண்டு. தொங்கும் சக்கரத்தில் வால்வு கடிகாரத்தின் மூன்று மணி இடத்தில் இருக்கும்படி நிறுத்திக் கையை எடுங்கள். வால்வின் அந்தச் சின்ன எடைக்கே சக்கரம் தானாக அசைந்து கீழே இறங்கி, மறுபக்கம் ஏறி, ஊஞ்சல் போல ஆடி, வால்வு அடியில் வந்து நிற்க வேண்டும். வருடக்கணக்கில் கிறீச்சிட்ட சக்கரம் முதல்முறை அப்படிச் சத்தமே இல்லாமல் ஆடி நிற்பதைப் பார்ப்பது எனக்கு இன்றும் பெரிய சந்தோஷம். வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.

பின்சக்கரமும் இதே முறைதான். வலப்பக்கக் கோன், செயின் ஓடும் பின் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்குள் ஒளிந்திருக்கும். அதைத் தொடாமல் இடப்பக்கத்திலிருந்தே கழற்றி, சரிசெய்யுங்கள். ஃப்ரீவீலைப் பிரிக்க வேண்டாம். உள்ளே ஏராளமான பொடிக் குண்டுகளும், மெல்லிய ஸ்பிரிங்கில் நிற்கும் கொக்கிகளும் இருக்கும். சக்கரத்தைப் படுக்க வைத்து, சுழலும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் நடுவிலுள்ள கோட்டில் தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுழற்றுங்கள். அழுக்கு மறுபக்கம் கறுப்பாக ஒழுகும். ஒழுகுவது தெளியும்வரை செய்தால் போதும், டிக் டிக் சத்தம் திரும்ப வந்துவிடும்.

காட்டர் பின்னும் பெடல் அச்சும்

பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கையான கிராங்கை அச்சோடு பிணைப்பது காட்டர் பின். ஒரு பக்கம் சரிவாகச் சீவிய சிறு இரும்பு முளை அது. இந்த சைக்கிளில் அதிகம் பேர் கெடுத்துவிடும் பாகமும் அதுதான். நானும் ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு அடித்தேன், மரை நசுங்கிப் பின் வளைந்துவிட்டது.

முந்தின இரவே பின்னைச் சுற்றி எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். காலையில் நட்டைத் தளர்த்தி, பின்னின் நுனியும் நட்டின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் வரும் அளவுக்கு நிறுத்துங்கள். சைக்கிளைத் தரையில் இறக்கி, கிராங்குக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயை நிறுத்துங்கள். பின்னின் தலை குழாயின் ஓட்டைக்குள் இறங்க வேண்டும், கிராங்கின் உடம்பு குழாயின் விளிம்பில் உட்கார வேண்டும். இந்தத் தாங்கல் இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் குண்டுகளுக்குத்தான் போகும். பின்பு ஒரே அடி, பலமாக. தயங்கித் தயங்கிப் பத்து முறை தட்டுவதுதான் பின்னை வளைக்கிறது.

கிராங்குகள் வந்ததும் இடப்பக்கப் பூட்டு வளையத்தையும் கப்பையும் கழற்றுங்கள். வலப்பக்கக் கப்பைத் தொடாதீர்கள். அதற்கு இடது மரை. வழக்கமாகத் திருப்பினால் இன்னும் இறுகும். இருந்த இடத்திலேயே துணியை விட்டுத் துடைக்கலாம். குண்டு 1/4 இன்ச், பக்கத்துக்கு 11. அச்சின் இரண்டு முனையும் ஒரே நீளம் இருக்காது, நீளமான பக்கம் செயின் பக்கம் போகும். ஆட்டம் பார்ப்பது சக்கரத்தில் செய்தது போலவே.

புதுப் பின் போடும்போது அதன் சீவிய பக்கம் அச்சின் தட்டையான பள்ளத்தில் முழுதாகப் பதிய வேண்டும். பதியவில்லை என்றால் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் போட்டுப் பாருங்கள். சுத்தியலால் அடித்து உட்கார வைத்தபிறகே நட்டைப் பூட்டுங்கள். நட்டை முறுக்கிப் பின்னை இழுத்தால் மரை அறுந்துவிடும். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் இருக்க வேண்டும்: கிராங்கைப் படுக்கையாக நிறுத்தினால் ஒரு நட்டு மேலே பார்க்கும், மற்றது கீழே பார்க்கும். கிராங்குகள் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கவில்லை என்றால் ஒரு பின்னைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பெடலைக் கழற்ற வேண்டுமென்றால், இடப் பெடலுக்கு இடது மரை என்பதை மறக்க வேண்டாம். ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திப் பின்சக்கரம் பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும்.

செயின்

செயினைக் கழுவும் முன் அளந்து பாருங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து இன்னொரு பின்னின் நடுவுக்கு அரை இன்ச். 24 இடைவெளி சேர்ந்து சரியாக 12 இன்ச் வர வேண்டும். 1/16 இன்ச் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 இன்ச் கூடியிருந்தால் பற்களும் தேய்ந்திருக்கும், ஃப்ரீவீலையும் மாற்ற வேண்டி வரும். தேய்ந்த பல் அலை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், பார்த்தாலே தெரியும்.

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் பிளந்த வாய் பின்னோக்கியும் மூடிய முனை செயின் ஓடும் திசையிலும் இருக்கட்டும். தொய்வு, கீழ்ப்பக்கச் செயினை நடுவில் விரலால் தூக்கினால் ஒன்றரை சென்டிமீட்டர் போல அசைய வேண்டும். பெடலை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றி, எங்கே மிக இறுக்கமாக வருகிறதோ அந்த இடத்தில் வைத்து இதைப் பாருங்கள். செயின் வீல் எதுவும் முழு வட்டமாக இருப்பதில்லை.

எண்ணெயைக் கண்ணிக்குக் கண்ணி ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே உள்ளதைத் துடைத்துவிடுங்கள். உள்ளே இருப்பதுதான் வேலை செய்யும், வெளியே இருப்பது புழுதியைத்தான் சேர்க்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும். வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத் துகள் இருக்கும்.

கோட்டம் எடுப்பது

பழைய ரோட்ஸ்டரில் பெரும்பாலும் முன்சக்கரத்தில் 32 ஸ்போக், பின்சக்கரத்தில் 40. ஒவ்வொன்றையும் விரலால் சுண்டுங்கள். ஒரே பக்கத்தில் உள்ளவை ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். தொளதொளவென்று சத்தமே இல்லாததை முதலில் பிடித்துக் கொஞ்சம் இறுக்குங்கள்.

ஃபோர்க்கில் விரலை ஊன்றி ஒரு சாக்பீஸை ரிம் ஓரத்துக்கு மிக அருகில் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். கோட்டமான இடத்தில் கோடு விழும். ரிம் வலப்பக்கம் பிதுங்கினால் அந்த இடத்தில் இடப்பக்க ஸ்போக்கைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கத்தில் உள்ளதைக் கால் சுற்று தளர்த்துங்கள். டயர் பக்கமிருந்து பார்க்கும்போது நிப்பிளை வலமாகத் திருப்பினால் இறுகும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். துருப்பிடித்த நிப்பிளில் முதல்நாளே எண்ணெய் விடாமல் திருப்பினால் ஸ்போக் முறியும். முழுக் கோட்டமும் போகாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். கம்பி பிரேக் ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிப்பதால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பக்கவாட்டு அசைவைத் தாங்கிக்கொள்ளும்.

பிரேக்கும் மிச்ச வேலைகளும்

பிரேக் கட்டை கல்லாக இறுகியிருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். கட்டையை வைத்திருக்கும் தகட்டில் ஒரு முனை மூடியும் ஒரு முனை திறந்தும் இருக்கும். சக்கரம் சுழலும் திசையில் மூடிய முனை வர வேண்டும். மாறிப் போட்டால், பிரேக் பிடிக்கும்போது ரிம் கட்டையை உருவி எடுத்துக்கொண்டு போய்விடும். இதை இரண்டு தடவை சரிபாருங்கள். கம்பிகள் சேரும் இடத்திலுள்ள திருகைத் தளர்த்தி, கட்டைக்கும் ரிம்முக்கும் மூன்று மில்லிமீட்டர் போல இடைவெளி வைத்து இறுக்குங்கள். எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும். மழைநாளில் முன்கூட்டியே பிரேக்கைத் தொடுங்கள்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் கழுத்தில் தட்டுகிறதா என்று தெரியும். தட்டினால் பூட்டு நட்டைத் தளர்த்தி, கீழே உள்ள கப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பூட்டுங்கள். சீட் தண்டை உருவிக் கிரீஸ் தடவிச் செருகுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் உள்ளேயே பிடித்துக்கொள்ளும்.

குரோம் பாகங்களில் உள்ள துருவுக்கு, கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். பெயின்ட்டை மட்டும் விட்டுவிடுங்கள். மங்கிய கறுப்பும், பாதி அழிந்த தங்கக் கோடும், ஒட்டுப் படமும் ஒருமுறை சுரண்டினால் திரும்ப வராது. ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் வாக்ஸ் தேய்த்தால் அந்தக் கறுப்பு உள்ளிருந்து எழுந்து வரும்.

முதல் ஓட்டம் தெருவுக்குள்ளேயே இருக்கட்டும், பையில் இரண்டு ஸ்பேனரோடு. முப்பது கிலோமீட்டர் போல ஓடியதும் காட்டர் பின் இரண்டையும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி நட்டை மறுபடி இறுக்குங்கள். புதுப் பின் ஓட ஓட இன்னும் கொஞ்சம் உள்ளே உட்காரும். அதைக் கவனிக்காமல் விட்டால், மிதிக்கும்போது காலுக்கடியில் ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக் என்று தட்டும். அந்தத் தட்டு கேட்டால் வீடுவரை ஓட்ட வேண்டாம். இறங்கித் தள்ளிக்கொண்டே வாருங்கள்.